நெல் நடவைத் தள்ளிவைத்த சட்டமும் தில்லியின் நவம்பர்ப் புகையும்

அக்டோபர் மாதத்தின் இறுதி வாரம் பிறந்துவிட்டால் தில்லியின் செய்தித் தொலைக்காட்சிகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடும். பஞ்சாபின் வயலொன்றில் நெற்தாள் எரிந்துகொண்டிருக்கும்; வரப்பில் தலைப்பாகை அணிந்த உழவர் ஒருவர் நிற்பார். அடுத்துக் காற்றுத் தரக் குறியீட்டின் எண் வரும்; அதற்கடுத்து அந்த உழவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விவாதம் வரும். டிசம்பர் பிறந்ததும் விவாதம் கலைந்துவிடும். அவர் ஏன் அக்டோபர் இறுதியில் எரிக்கிறார், செப்டம்பரில் ஏன் எரிக்கவில்லை என்ற கேள்வி அவ்விவாதங்களில் எழுவதே அரிது. வேளாண்மையையும் உணவையும் ஒருசேர ஆராய விரும்புவோர் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

தமிழ் வாசகருக்கு முதலில் எழும் ஐயம் வேறாக இருக்கும். வைக்கோலை யாராவது எரிப்பார்களா? தென்னாட்டில் அது மாட்டுக்கான தீனி. போர் போட்டுக் காக்கப்படுவது. பற்றாக்குறைக் காலத்தில் விலை ஏறுவது. பஞ்சாபில் மாட்டுக்கு உரியது கோதுமை வைக்கோல்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி, மாடு விரும்பாது என்பது அங்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தென்னாட்டு மாடுகளும் சிலிக்கா கலந்த வைக்கோலைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவருகின்றன. ஆகவே பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு என்று கொள்வதே பொருத்தம். அதைவிட முதன்மையான காரணம் அறுவடை இயந்திரம். அரிவாள் தாளை அடியோடு அறுக்கும். இயந்திரமோ கதிரை மட்டும் கொய்துகொண்டு, முழங்கால் உயரத் தாளை நிற்கவிட்டு, எஞ்சியதை வயலெங்கும் இறைத்துச் செல்லும். ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் இவ்வாறு பஞ்சாப் வயல்களில் கிடக்கிறது.

இந்த நெல் அம்மண்ணின் பழம்பயிர் அன்று. 1960-61இல் பஞ்சாபில் நெல் விளைந்த பரப்பு 2.27 லட்சம் ஹெக்டேர் மட்டுமே. கோடையில் மக்காச்சோளம், கம்பு, பருத்தி, நிலக்கடலை; குளிரில் கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு என்று அந்நாளைய வயல் பல முகம் கொண்டிருந்தது. 1965-66இன் வறட்சியும் அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களுக்குக் காத்திருந்த அவமானமும் அதை மாற்றின. 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் அமைந்தன. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்திறங்கியது. கோதுமை வென்றதும், அதே கொள்முதல் உறுதியோடு கோடைப் பயிராக நெல் உள்ளே வந்தது. 1997இல் உழவுக்கு இலவச மின்சாரம் வந்தது. இடையே சில ஆண்டுகள் தடைப்பட்டாலும் அது நிலைத்துவிட்டது. இன்று நெற்பரப்பு 30 லட்சம் ஹெக்டேரைக் கடந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 14 லட்சம். ஆண்டுதோறும் நிலத்துக்குள் ஊறும் நீரில் எடுக்கத்தக்க அளவு எதுவோ, அதில் 150 விழுக்காட்டுக்கும் மேல் பஞ்சாப் எடுக்கிறது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. வரவைப் போல் ஒன்றரை மடங்கு செலவு.

இதைக் கண்டுதான் 2009இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அரியானாவும் அதே ஆண்டு பின்தொடர்ந்தது. சட்டத்தின் உள்ளடக்கம் மிக எளியது. மே 10க்கு முன் நாற்றங்காலில் விதைக்கக்கூடாது. ஜூன் 10க்கு முன் நடவு செய்யக்கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் தண்டம். மே மாத வெயிலில் வயலில் தேக்கிய நீர் பெருமளவு ஆவியாகிப் போகும். பருவமழையோ ஜூன் இறுதியில்தான் அங்கு எட்டும். நடவைத் தள்ளிவைத்தால் ஆவியாதல் குறையும், மழை கைகொடுக்கும், மோட்டார் ஓடும் நேரம் சுருங்கும். பின்னர் அந்த நாள் மேலும் நகர்ந்தது: 2014இல் ஜூன் 15, 2018இல் ஜூன் 20. சட்டத்தால் நீர்மட்டத்தின் வீழ்ச்சி எவ்வளவு தணிந்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதன் ஏரணத்தில் பிழை இல்லை. நீரை மட்டும் பார்த்தால்.

நீரை மட்டும் பார்க்காமல் நாட்காட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். பஞ்சாபில் நெடுங்காலம் கோலோச்சிய நெல்ரகம் பூசா 44. விதைப்பிலிருந்து அறுவடை வரை அதற்கு 155 முதல் 160 நாட்கள். நாற்றங்கால் நாட்களைக் கழித்தால் நடவுக்குப் பின் ஏறத்தாழ 125 நாட்களுக்கு மேல் வயலில் நிற்கும். மே மாத நடுவில் நட்டால் செப்டம்பர் இரண்டாம் பாதியில் அறுக்கலாம். ஜூன் 20இல் நட்டால் அறுவடை அக்டோபர் கடைசி வாரம். கோதுமையை நவம்பர் நடுவுக்குள் விதைத்தாக வேண்டும். அதைத் தாண்டினால், மார்ச் மாத வெப்பம் கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் தாக்கி மணியைச் சுருக்கிவிடும். முன்பு ஒன்றரை மாதத்துக்கும் மேலாக இருந்த இடைவெளி இரண்டு மூன்று வாரமாக ஒடுங்கியது. அந்த இரண்டு மூன்று வாரத்தில் தாளை அறுத்து, வாரி, கட்டி, அகற்றி, உழுது, விதைக்க வேண்டும். அல்லது ஒரு தீக்குச்சி.

தாள் எரிப்பு 2009க்கு முன்பும் இருந்தது. சட்டம் செய்தது நெருப்பின் நாளை மாற்றியது. முன்பு பல வாரங்களில் பரவிக் கிடந்த எரிப்பு நவம்பரின் தொடக்கத்தில் குவிந்தது. அப்போது வடமேற்குக் காற்று தில்லியை நோக்கி வீசும். இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படியும். புகை மேலெழுந்து கலைய இடமிராது. செப்டம்பரில் எரித்த அதே தாள் கலைந்துபோயிருக்கும். நவம்பரில் எரித்தால் மூச்சுக்குள் இறங்குகிறது. 2019இல் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. நிலத்தடி நீர்ச் சட்டத்தால் எரிப்பு பிந்தியதன் விளைவாகக் காற்றில் நுண்துகளின் செறிவு ஏறக்குறைய 30 விழுக்காடு உயர்ந்ததாக அது மதிப்பிட்டது. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து.

இதில் எவரையும் அறிவிலி என்று சொல்ல இடமில்லை. உழவியல் அறிஞர் ஆவியாதலைச் சரியாகவே கணித்தார். கோதுமை ஆய்வாளர் விதைப்புக் காலத்தைச் சரியாகவே பரிந்துரைத்தார். தாவரப் பெருக்கத் துறையினர் விளைச்சல் மிகுந்த ரகத்தைத் தந்தனர். வளிமண்டல அறிவியலாளர் நவம்பர்க் காற்றின் போக்கை அறிந்தே இருந்தார். நால்வரும் ஒரே மேசையில் அமரவில்லை என்பதே குறை. நிலத்தடி நீர் ஓர் அமைச்சகத்தின் கீழ். பயிர் மற்றொன்றின் கீழ். காற்று மூன்றாவதன் கீழ். உணவுப் பங்கீடு நான்காவதன் கீழ். வேளாண் பல்கலைக்கழகங்களின் உள்ளேயும் இதே சுவர்கள்தான்: உழவியல், மண்ணியல், பொறியியல், பொருளியல் என்று கட்டடங்கள் தனித்தனி. உணவை உண்பது பற்றிய ஆய்வு பெரும்பாலும் மனையியல் கல்லூரிக்கு ஒதுக்கப்பட்டு, பெண்களின் துறை என்ற எழுதப்படாத முத்திரையோடு ஓரத்தில் கிடக்கும். ஒரு துறை தன் சிக்கலைத் தீர்க்கும்போது அது மறைவதில்லை. பக்கத்துத் துறையின் எல்லைக்குள் இடம் மாறுகிறது. அங்கே அது புதிய சிக்கலாகப் பதிவாகிறது.

விதைரகத்தின் கதையும் இவ்வாறே. பூசா 44க்கு மாற்றாகப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் தந்த பிஆர் 126 நடவுக்குப் பின் 93 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஜூன் 20இல் நட்டாலும் செப்டம்பர் இறுதிக்குள் வயல் காலியாகும். நீரும் மிச்சம், தாளை அகற்ற ஒரு மாதம் கூடுதல். எனினும் உழவர் பல ஆண்டுகள் பூசா 44ஐ விடவில்லை. அதில் ஏக்கருக்கு நான்கு குவிண்டால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், குவிண்டாலுக்கு 2,320 ரூபாய் என்ற 2024-25இன் முதல்தர நெல் ஆதரவு விலையில் அது 9,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. நீருக்கு விலை இல்லை, மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை, புகைக்கு அவருடைய கணக்கேட்டில் பத்தியே இல்லை. அந்நிலையில் 9,000 ரூபாயை விட்டுக்கொடுக்குமாறு அவரிடம் அறம் பேசுவது எளிது.

குறுகிய கால ரகத்தின் அருமை 2023 ஜூலையில் வெளிப்பட்டது. பஞ்சாபில் வெள்ளம் புகுந்து நட்ட வயல்கள் அழிந்தன. நெடுநாள் ரகத்தை மீண்டும் நட நாளில்லை. பிஆர் 126 போன்ற குறுகிய கால ரகங்களை மறுநடவு செய்தே பலர் அவ்வாண்டைத் தேற்றிக்கொண்டனர். மீள்திறன் என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதன் பொருள் இதுதான். ஆனால் ரகங்களைத் தேர்வு செய்யும் சோதனைகளின் அட்டவணையில் அதற்கு இடம் ஏது? மூன்று ஆண்டுச் சராசரி விளைச்சல், பூச்சி எதிர்ப்பு, மணியின் தரம் ஆகியன இருக்கும். வெள்ளம் வந்த ஆண்டில் இரண்டாம் முறை நடத்தக்கது என்பது ஒரு பண்பாகவே எண்ணப்படுவதில்லை. சராசரி என்பது கெட்ட ஆண்டை நல்ல ஆண்டுகளில் கரைத்துவிடும் ஒரு கணக்கு. உழவர் குடும்பம் சராசரியில் வாழ்வதில்லை. கெட்ட ஆண்டில்தான் அது கடனாளியாகிறது.

அரசு 2024 முதல் பூசா 44க்குத் தடை விதித்தது. பிஆர் 126 வயல்களை நிறைத்தது. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிய அக்டோபரிலேயே அரவை ஆலைகள் கொடி பிடித்தன. உணவுக் கழகத்தின் விதிப்படி 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி ஒப்படைக்க வேண்டும். இந்த ரகத்தில் நொய் மிகுதி, அந்த அளவு தேறவில்லை என்றனர் ஆலைக்காரர். அந்தப் பெயரில் விற்கப்பட்ட கலப்பின விதைகளே காரணம் என்ற மறுமொழியும் எழுந்தது. அதே நேரம் முந்தைய ஆண்டு அரிசி வெளியேறாமல் கிடங்குகள் நிரம்பியிருந்தன. புதிய அரிசிக்கு இடமில்லை என்பதால் ஆலைகள் நெல்லை ஏற்கத் தயங்கின. மண்டிகளில் நெல் குவிந்து கிடந்தது. உழவர்கள் சாலைகளை மறித்தனர். நீரையும் காற்றையும் காக்க வந்த ஒரு நெல்ரகத்தின் தலைவிதி கடைசியில் ஒரு கிடங்கின் இடப்பற்றாக்குறையாலும் 67 என்ற எண்ணாலும் தீர்மானமாகும் என்று எந்தச் சோதனை வயல் முன்னறிவித்திருக்கும்?

தண்டனையின் பக்கமும் பார்க்கத்தக்கது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாள் எரிப்புக்குத் தண்டம் வகுத்தது: இரண்டு ஏக்கருக்குக் கீழ் 2,500 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 5,000, அதற்கு மேல் 15,000. 2024 நவம்பரில் மத்திய அரசு அவற்றை இரட்டித்தது. 2009இன் சட்டப்படி முன்கூட்டி நட்டால் தண்டம். பிந்தி நட்டதன் விளைவாக எரித்தால் மற்றொரு தண்டம். இரண்டுக்கும் இடையில் அவருக்கு விடப்பட்ட வாரங்கள் இரண்டு மூன்று.

மாற்று வழி இல்லாமல் இல்லை என்பர். லூதியானாவில் ஆஸ்திரேலிய ஒத்துழைப்போடு உருவான ஹேப்பி சீடர் தாளை எரிக்காமலேயே அதனூடே கோதுமையை விதைக்கும் கருவி. வைக்கோல் நிலப்போர்வையாகக் கிடந்து ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். அறிவியல் நோக்கில் குறை சொல்ல முடியாத கருவி. 2018 முதல் தனியாருக்கு 50 விழுக்காடும் குழுக்களுக்கு 80 விழுக்காடும் மானியம் தரப்பட்டது. ஆனால் அதை இழுக்க ஆற்றல் மிகுந்த டிராக்டர் வேண்டும். ஆண்டில் மூன்று வாரம் மட்டுமே வேலை. எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையில் தூசி படியும். அந்த மூன்று வாரத்தில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அதைக் கேட்கும். நாட்காட்டி நெருக்கியதால் எழுந்த சிக்கலை, அதே நெருக்கத்துக்குள் ஓட வேண்டிய கருவியால் தீர்க்க முனைந்தால் இதுவே நடக்கும்.

ஆய்வேடுகளில் அரிதாகவே தலைகாட்டும் ஒன்று குத்தகை. பஞ்சாபில் உழுவோரில் பலர் பிறர் நிலத்தையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தே உழுகின்றனர். ஏக்கருக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ரொக்கம், பெரும்பாலும் முன்பணம். அந்தத் தொகை நெல், கோதுமை என்ற இரு உறுதியான கொள்முதல் பயிர்களின் வருவாயை வைத்து நிர்ணயமாகிறது. குத்தகைதாரர் பருப்போ மக்காச்சோளமோ விதைத்தால் வருவாய் குறையும், குத்தகை குறையாது. ‘உழவர் பயிர்மாற்றத்துக்கு முன்வருவதில்லை’ என்று கேள்விப்பட்டியல் ஆய்வுகள் முடிவு கட்டும்போது, முன்வர வேண்டியவர் நிலவுடைமையாளரா, குத்தகைதாரரா என்பதைக்கூடப் பல வேளை பிரித்துக் கேட்டிருப்பதில்லை. 1986இலேயே ஜோஹல் குழு நெல்–கோதுமைப் பரப்பில் 20 விழுக்காட்டை வேறு பயிர்களுக்கு மாற்றப் பரிந்துரைத்தது; 2002இல் அவரே தலைமையேற்ற குழு மீண்டும் வலியுறுத்தியது. முதல் அறிக்கை வந்தபோது பஞ்சாபின் நெற்பரப்பு ஏறத்தாழ 17 லட்சம் ஹெக்டேர். அதன் பின்னரே அது இரட்டிப்பை நெருங்கியது. அறிவுக் குறைவால் நிகழ்ந்ததன்று இது.

நாற்று நடும் கைகளும் கணக்கில் விடுபடுபவை. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வரும் கூலித் தொழிலாளர்களே பஞ்சாபின் நெல்லை நடுகின்றனர். அரசு நடவு நாளை ஒரு தேதியில் குவித்தபோது அவர்களுடைய வேலை நாட்களும் குவிந்தன. 2020இன் பொதுமுடக்கத்தில் அவர்கள் வர இயலாதபோதுதான் நேரடி நெல் விதைப்பு பல லட்சம் ஏக்கரில் திடீரெனப் பரவியது. அதுவரை பல ஆண்டுகள் அதைப் பரப்ப விரிவாக்கத் துறை முயன்றுகொண்டிருந்தது. தொழிலாளர் திரும்பி வந்தபின், ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தும் அந்தப் பரப்பு நிலைக்கவில்லை. நேரடி விதைப்பைப் பற்றிய ஆய்வுகளில் களைக்கொல்லியின் அளவு பற்றிப் பக்கம் பக்கமாக உண்டு. ரயில் வராததைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் அதிகம்.

ஆய்வுமுறையின் மேல் பழி சொல்லும்போது அதன் நிர்ப்பந்தத்தையும் சொல்வதே முறை. முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை சில ஆண்டுகளே. இரண்டு பருவச் சோதனை, ஒரு மாறி, ஒரு பயிர், விளைச்சலில் ஏற்பட்ட வேறுபாடு, புள்ளியியல் சோதனை, முடிவுரை என்பதே தேர்வாளர் அறிந்த வடிவம். நெல்லின் பின்னே மண்டிக்கும், மண்டியின் பின்னே ஆலைக்கும், ஆலையின் பின்னே ரேஷன் கடைக்கும் செல்லும் ஆய்வேட்டை எந்தத் துறையில் ஒப்படைப்பது என்பதே தெரியாது. இதற்கிடையே ‘நீடித்த’, ‘மீள்திறன்’ ஆகிய சொற்கள் நல்கை பெற உதவும் மந்திரங்களாகிவிட்டன. தலைப்பில் அவை இருக்கும். உள்ளே வழக்கமான உரச் சோதனை இருக்கும்.

நீண்டகாலம் பார்ப்பதன் பயனுக்குச் சான்று இந்நாட்டிலேயே உண்டு. இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் 1970களின் தொடக்கம் முதல் ஒரே வயலில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறி விளைவித்து நடத்தப்படும் நெடுங்கால உரச் சோதனையில், தழைச்சத்து உரம் மட்டும் இடப்பட்ட பாத்தி ஒன்று உண்டு. தொடக்க ஆண்டுகளில் அது பயிர் தந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மண் புளித்து அமிலமாகி, இறுதியில் விளைச்சலே அற்றுப்போனது. தொழுவுரமும் சுண்ணாம்பும் சேர்த்த பாத்திகள் இன்றும் விளைகின்றன. இரண்டு பருவ ஆய்வேடு ஒன்று அந்தப் பாத்தியின் தொடக்க ஆண்டுகளில் எழுதப்பட்டிருந்தால், தழைச்சத்து மட்டுமே போதும் என்ற முடிவுக்கும் வந்திருக்கக்கூடும். கோவையில் 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை நூற்றாண்டைத் தாண்டி நடக்கிறது. இத்தகைய பொறுமைக்கு நிதி ஒதுக்குவது ஆண்டறிக்கையில் அழகாக இராது. மற்றபடி நாட்டின் வேளாண் அறிவில் மிக மலிவாகக் கிடைத்த செல்வம் இவையே.

பஞ்சாபின் கதையில் இதுவரை ஒருவர் வரவேயில்லை; அந்த அரிசியை உண்பவர். பஞ்சாபியர் ரொட்டி உண்பவர். அவர்கள் விளைவிக்கும் அரிசியின் பெரும்பகுதி, ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல், மத்தியத் தொகுப்புக்குச் சென்று நாடெங்கும் ரேஷன் கடைகளில் இறங்குகிறது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சுமார் 80 கோடி மக்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 முதல் அது விலையில்லாமல் வழங்கப்படுகிறது. பசியைத் தடுத்த அந்த ஏற்பாட்டை எள்ளி நகையாடுவோர் பசியை அறியாதவர்கள். ஆயினும் அந்த 5 கிலோ அரிசியாகவும் கோதுமையாகவுமே பெரிதும் இருக்கும் வரை, பஞ்சாபின் வயலில் வேறொன்றை விதைக்கச் சொல்லும் அறிக்கைகள் அறிக்கைகளாகவே இருக்கும். வயலின் பயிரைத் தீர்மானிப்பது கொள்முதல் நிலையம். கொள்முதலைத் தீர்மானிப்பது ரேஷன் கடையின் பலகையில் எழுதப்படும் பொருள். மாற்றத்தை வயலில் தொடங்குவது வாலைப் பிடித்து மாட்டைத் திருப்ப முயல்வது போன்றது.

மறுமுனையிலிருந்து தொடங்கிய ஒரு முயற்சியும் இருக்கிறது. 2017இல் ஒடிசா அரசு ஏழு மாவட்டங்களின் 30 வட்டாரங்களில் தொடங்கிய சிறுதானிய இயக்கம், தன் நோக்கங்களில் வீட்டில் உண்பதைப் பெருக்குவதை முன்வைத்தது. விளைச்சலைப் பெருக்குவதும் அதில் உண்டு. ஆனால் அது தனியே நிற்கவில்லை. ஊர் அளவிலேயே அரைத்துத் தீட்டும் பொறிகள், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், ஆதரவு விலையில் கேழ்வரகுக் கொள்முதல், பின்னர் சில மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு என்று கண்ணிகள் கோக்கப்பட்டன. கோராபுட் போன்ற மலை மாவட்டங்களில் சாமையும் கேழ்வரகும் ஏன் சுருங்கின என்று பெண்களைக் கேட்டால் விளைச்சல் குறைவு மட்டும் விடையாக வராது. உரலில் குத்தும் வேலையும் விடையாக வரும். சாமையின் உமியை நீக்க நாள்தோறும் தோள் வலிக்கக் குத்த வேண்டும். ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போடலாம். ஹெக்டேருக்கு இத்தனை குவிண்டால் என்று அளக்கும் சோதனைத் திடலில் உரலின் எடை ஏறாது. அந்த இயக்கத்துக்கும் குறைகள் உண்டு. கொள்முதல் கேழ்வரகின் மீதே குவிந்ததால் சாமையும் பிற கலப்புப் பயிர்களும் பின்தங்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆதரவு விலை ஒரு பயிருக்கு மட்டும் கிடைக்கும்போது மலைச்சரிவின் பல்பயிர் வயலும் மெல்ல ஒருபயிர் வயலாக மாறக்கூடும். அதைத் தொடக்கத்திலேயே அளந்துவருவது ஆய்வாளரின் வேலை. இன்னும் பத்தாண்டு கழித்து ஓர் ஆங்கில இதழில் கண்டுபிடிப்பாக வெளியிடுவதன்று.

அதே வேலை பஞ்சாபில் இப்போதே காத்திருக்கிறது. நிரம்பி வழியும் கிடங்குகளைக் குறைக்க, 2024-25இன் எத்தனால் ஆண்டுக்கு உணவுக் கழகத்தின் 52 லட்சம் டன் அரிசியைக் குவிண்டாலுக்கு 2,250 ரூபாய் விலையில் வடிப்பாலைகளுக்குத் தர மத்திய அரசு ஒதுக்கியது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக மக்காச்சோளத்துக்கும் கிராக்கி ஏறியிருக்கிறது. நெல்லுக்கு மாற்றாக நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படும் பயிர் மக்காச்சோளம். ஆகவே பலர் இதைப் பயிர்மாற்றத்தின் விடியல் என்று வரவேற்கின்றனர். ஆனால் பஞ்சாபில் விரைந்து பரவிவருவது பருவமழைக் காலத்து மக்காச்சோளம் அன்று. உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் எடுத்தபின் பிப்ரவரியில் விதைத்து ஜூனில் அறுக்கும் வசந்தகால மக்காச்சோளம் அது. ஏப்ரல், மே வெயில் முழுவதும் அது வயலில் நிற்கிறது. மீண்டும் மீண்டும் நீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பரிந்துரைக்காமல் எச்சரித்துவருகிறது. நெல்லை அந்த வெயிலிலிருந்து விலக்கவே 2009இன் சட்டம் வந்தது. இப்போது அதே மே மாத வயலில், அதே ஆழ்துளைக் கிணற்றின் நீரில், மக்காச்சோளம் நிற்கிறது. அறுவடை முடிந்ததும் ஜூனில் அதே வயலில் நெல் நடவு தொடங்கும்.